தெருமுனை பாரில் கறி பீட்சா: நம்பி ஆர்டர் பண்ணலாமா?

2024 பிப்ரவரி 4. கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊர் வாசகர் ஒருவரின் கேள்வி

கறி பீட்சா, கறி பீட்சா என்று, நம் ஊர் மசாலா அயிட்டங்களை மேலே போட்ட பீட்சாவை இந்தப் பக்கம் எல்லாரும் கொண்டாடுகிறீர்கள். நான் வாங்கியது எல்லாமே மைதா ரொட்டி மேல் நேற்றைய குருமாவை ஊற்றி, சீஸ் போட்டு மூடியதுதான். அதிலும் பாரில் போய்ச் சாப்பிடுவது சுத்த வீண். குடிக்கிற இடத்தில் சாப்பாடு பேருக்குத்தான் இருக்கும். ஒரே ஒரு பாரைக் காட்டுங்கள், கறி பீட்சாவை நம்பி ஆர்டர் பண்ணலாம் என்று. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

2024 பிப்ரவரி 5

குருமா ஊற்றிய பீட்சா விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. நானும் அப்படிப்பட்டதைப் பெட்டியோடு குப்பையில் போட்டிருக்கிறேன். பார் விஷயத்தில்தான் சண்டை.

சான்பிரான்சிஸ்கோவில் மிஷன் தெரு தெற்கே நீண்டு எக்ஸெல்சியர் வட்டாரத்துக்குள் நுழைகிறதே, அங்கே எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பார் இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். சனிக்கிழமை இப்போதே உட்கார இடம் கிடைப்பதில்லை. நீண்ட மரக் கவுண்டர், நாலைந்து மேசை, ஓரத்தில் பில்லியர்ட்ஸ் மேசை, எப்போதும் ஏதாவது ஒரு ஆட்டம் ஓடும் டிவிகள். முன்பு ஐரிஷ்காரர் வைத்திருந்த இடம், இப்போது பஞ்சாபிக்காரர் ஒருவருடையது. சுவரில் பச்சை மூவிலை படங்களை அவர் கழற்றவில்லை. அடுப்படியில் நிற்பவர் மெக்சிகோவின் யூகடானிலிருந்து வந்தவர்.

ஆர்டர் பண்ண வேண்டியது இது: தக்காளி சாஸ் இல்லாமல் கீரை மசியலை அடியில் தடவி, அதன்மேல் வறுத்த காலிஃபிளவர், மெல்லிசாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள். சீஸ் குறைவாக. அடுப்பிலிருந்து எடுத்த பிறகு பச்சைக் கொத்தமல்லி. "நன்றாக முறுகவிடுங்கள்" என்று கட்டாயம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கொஞ்சம் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள்.

2024 பிப்ரவரி 6

"அட்ரஸ் தராமல் இது என்ன பதில்" என்று கேட்டவருக்கு: சரி, எல்லாருக்கும் தெரிந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். பெர்னல் ஹைட்ஸில், அதே மிஷன் தெருவில், ஸான்டே. நான் சொன்ன கீரை பீட்சாவுக்கு மூலம் அங்கேதான். தல்விந்தர் மல்டானி என்ற பஞ்சாபிக்காரர் 1986இல் அங்கே இருந்த இத்தாலிய பீட்சா கடையை வாங்கினார். பெயர்ப் பலகையை மாற்றவில்லை, பீட்சா அடுப்பையும் தூக்கி எறியவில்லை. அதே அடுப்பில் கீரையும் காலிஃபிளவரும் தந்தூரி சிக்கனும் ஏறின. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இன்றைக்கு நூறு இடத்தில் கறி பீட்சா போடுகிறார்கள் என்றால், அந்த வரிசையின் தலையில் நிற்கும் கடைகளில் இது ஒன்று. அது உணவகம், பார் இல்லை. அதனால்தான் முதலில் சொல்லவில்லை.

2024 பிப்ரவரி 6, ராத்திரி

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: இதெல்லாம் இந்தியாவில் டாமினோஸ் கண்டுபிடித்த பனீர் பீட்சாவின் நகல்தானே என்று. ஆண்டுக் கணக்கைப் பாருங்கள் ஐயா. டாமினோஸ் டெல்லியில் முதல் கடை திறந்தது 1996. பீட்சா ஹட் பெங்களூரில் திறந்ததும் 1996. ஸான்டேவில் அதற்குப் பத்து வருஷம் முன்பே கீரை பீட்சா. நம் ஊர் பனீர் பீட்சாவுக்குத்தான் இவர்கள் ஒன்றுவிட்ட பெரியப்பா முறை.

2024 பிப்ரவரி 9

"பாரில் சாப்பாடு பேருக்குத்தான்" என்ற வரி மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. நம் தலையில் பார் என்றாலே டாஸ்மாக் பார்தான் வருகிறது. நான் வளர்ந்த ஊரில் அந்தக் கடை இருந்த பக்கம் பெண்கள் நடக்கவே மாட்டோம், தெருவின் எதிர்ப்பக்கமாகப் போவோம். உள்ளே என்ன கொடுக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாங்காய்த் துண்டு, சுண்டல், ஆம்லெட் என்று அண்ணன் சொல்லக் கேள்வி. சைடு டிஷ் என்றால் அது குடிக்குத் துணை, அவ்வளவுதான்.

இங்கே கதை வேறு. அமெரிக்காவில் பீட்சாவின் பல வகை பாரிலேயே பிறந்து வளர்ந்தது. சிகாகோவில் ஊர்க்காரர்கள் வீட்டில் சாப்பிடுவது சுற்றுலாக்காரர்கள் தேடிப் போகும் அந்தத் தடிமனான பீட்சாவை இல்லை. மதுக்கடைகளில் வளர்ந்த மெல்லிய, மொறுமொறு பீட்சாவைத்தான். முக்கோணமாக வெட்டமாட்டார்கள், சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுவார்கள். ஒரு கையில் கிளாஸ் இருக்கும்போது மறு கையால் ஒரு வில்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். தட்டே வேண்டாம், காகிதக் கைக்குட்டை போதும். 1933இல் மதுவிலக்கு முடிந்த பிறகு, உப்பும் காரமுமாக எதையாவது கொடுத்தால் இன்னொரு பீர் கேட்பார்கள் என்ற கணக்கில் பரவியது என்று சிகாகோக்காரர்கள் சொல்வார்கள். நம்பக்கூடிய கணக்குதான்.

டெட்ராய்ட்டின் சதுர பீட்சாவும் அப்படித்தான், 1946இல் பட்டீஸ் என்ற பாரில். கார்த் தொழிற்சாலைகளில் உதிரிப் பாகம் போட்டு வைக்கும் இரும்புத் தட்டில் சுட்டார்கள். பாஸ்டனுக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் பத்து அங்குல பார் பீட்சா ஒன்று உண்டு. ஒரே அளவு, ஆளுக்கு ஒன்று, ஓரம்வரை சீஸ் போய்க் கருகிப் பின்னல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பிராக்டனில் கேப் காட் கஃபே 1939லிருந்து இருக்கிறது.

ஆக பார் என்பதால் பீட்சா மட்டமாக இருக்கவேண்டும் என்ற சட்டம் இல்லை. சொல்லப்போனால் கறிக்கு ஏற்ற பீட்சா பார் பீட்சாதான். காரணத்தை அப்புறம் எழுதுகிறேன், குழந்தையைக் கூப்பிடப் போகவேண்டும்.

2024 பிப்ரவரி 12

நேற்று சூப்பர் பவுல், அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டம். எங்கள் ஊர் அணி கூடுதல் நேரத்தில் 25க்கு 22 என்று தோற்றது. 2020லும் இதே கான்சஸ் சிட்டியிடம்தான் தோற்றார்கள். பாரில் சாவு வீட்டு அமைதி. இதில் கறி பீட்சா பற்றி யார் பேசுவது?

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ஆட்ட நாளில் போகாதீர்கள். சுருக்கிய மெனு போடுகிறார்கள், அடுப்பில் இடமில்லாமல் எல்லாவற்றையும் அரைவேக்காட்டில் எடுக்கிறார்கள். நேற்று வந்த கீரை பீட்சாவின் நடுப்பகுதி தொங்கியது. இதை வைத்துக் கடையை எடைபோட்டால் சன்னிவேல்காரர் சொன்னது சரி என்று ஆகிவிடும். எடை போடாதீர்கள்.

2024 பிப்ரவரி 14

தொங்கியது ஏன் என்று யோசித்ததில் முன்பு விட்ட காரணத்துக்கே வந்து நிற்கிறேன்.

கறியில் தண்ணீர் இருக்கிறது. பட்டர் சிக்கன் கிரேவி, டிக்கா மசாலா எல்லாம் சோற்றோடும் நான் ரொட்டியோடும் பிசைந்து சாப்பிடச் செய்தவை, நெகிழ்ந்துதான் இருக்கும். அதை அப்படியே மாவின்மேல் ஊற்றினால், பார்களில் இருக்கும் சாதாரண அடுப்பில் ஏழெட்டு நிமிஷத்தில் அந்த ஈரம் வற்றாது. மாவு கீழே வேகும், மேலே அவியும். நடுவில் ஒரு கொழகொழ அடுக்கு நிற்கும். சன்னிவேல்காரர் தின்றது அந்த அடுக்கைத்தான்.

எங்கள் பார் சமையல்காரர் கீரையை இரண்டு தடவை வற்றவைக்கிறார். கரண்டியால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்கவேண்டும், அதுதான் பதம் என்று காட்டினார். காலிஃபிளவரைத் தனியாக வறுத்து ஈரத்தைப் போக்கிய பிறகே மேலே வைக்கிறார். சீஸும் ஈரம் குறைந்த மொசரெல்லா. தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா உருண்டையைக் கறி பீட்சாவில் போடுகிறவர்களை நம்பவேண்டாம்.

அடி மெல்லிசாக, உலர்ந்து, மொறுமொறு என்று இருந்தால் மேலே போடுவதும் குறைவாகத்தான் போடமுடியும். அளவு தானாக அடங்கிவிடும். நேப்பிள்ஸ் பாணியில் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் விறகு அடுப்பில் ஒன்றரை நிமிஷத்தில் எடுக்கும் பீட்சாவில் மசாலா கருகும் அல்லது பச்சை வாடை போகாது. பார் அடுப்பின் நிதானமான சூடு மசாலாவுக்குச் சரியாக இருக்கிறது.

2024 பிப்ரவரி 15

பனீர் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பனீர் உருகாது. பாலைக் கொதிக்கவைத்துப் புளிப்பு சேர்த்துத் திரிப்பதால் அதன் புரதம் இறுகிப் போய்விடும், எத்தனை சூட்டிலும் துண்டு துண்டாகவே நிற்கும். அதனால் பனீரை சீஸுக்குப் பதிலாக நினைக்காமல் கறித்துண்டுக்குப் பதிலாக நினைக்கவேண்டும். சின்னதாக வெட்டி, மசாலாவில் புரட்டி, முன்பே ஓரம் சிவக்க வறுத்திருந்தால் சரி. வெள்ளையாக, ரப்பராக, பெரிய கட்டிகளாக வந்தால் ஒதுக்கி வையுங்கள். எங்கள் பாரில் பனீர் பீட்சா சுமார்தான். மெனுவில் மேலே இருப்பதால் எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

2024 பிப்ரவரி 25

இத்தாலியர்களுக்கு இது அவமானம் இல்லையா என்று ஒரு நீண்ட கடிதம் வந்திருக்கிறது. இத்தாலியர்கள் ஏற்கெனவே அன்னாசியைப் பார்த்து அழுது முடித்துவிட்டார்கள். அன்னாசி போட்ட அந்த ஹவாய் பீட்சாவைச் செய்தவர் ஹவாய்க்காரர் இல்லை, சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கர், கனடாவின் ஒன்டாரியோவில், 1962இல். கலிஃபோர்னியாவில் 1985இல் பெவர்லி ஹில்ஸில் திறந்த கலிஃபோர்னியா பீட்சா கிச்சன் பார்பிக்யூ சிக்கனைப் பீட்சாவில் ஏற்றியது. கடையைத் திறந்தவர்கள் இரண்டு வக்கீல்கள், அந்த பீட்சா எட் லடூ என்ற சமையல்காரரின் கைவண்ணம். அடுத்த வருஷம் ஸான்டே. அந்தக் காலத்தில் இந்த மாநிலத்தில் பீட்சா மேல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆகியிருந்தது. நம்மவர்கள் கீரையை வைத்தார்கள்.

ஸ்வீடனில் வாழைப்பழமும் கறிப்பொடியும் போட்டுப் பீட்சா சாப்பிடுகிறார்கள். கோபப்பட வேண்டியவர்கள் வரிசையில் நிற்கட்டும், நாமும் டோக்கன் வாங்கிக்கொள்ளலாம்.

2024 மார்ச் 10

லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தோம். பிஜ்ஜா பேலஸ் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், போய்விட்டு வந்தேன். சில்வர் லேக்கில் சன்செட் பூல்வார்டில், ஒரு கம்ஃபர்ட் இன் விடுதியின் கட்டடத்திலேயே இருக்கிறது. அவீஷ் நரன் 2022இல் திறந்தது. ஸ்போர்ட்ஸ் பார்தான், ஆங்காங்கே டிவி தொங்குகிறது. ஆனால் இப்போது தெருமுனை பார் என்று சொல்லமுடியாது, முன்பதிவு பண்ணிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. ஊரே பேசுவது மசாலா சாஸில் வரும் மலாய் ரிகடோனி பாஸ்தாவைப் பற்றி. தோசை மாவில் தோய்த்துப் பொரித்த வெங்காய வளையமும் பேர்போனது. தமிழ்நாட்டுக்காரிக்கு அதில் அதிசயம் இருக்காது என்று நினைத்துப் போனேன், தட்டை நான்தான் காலி பண்ணினேன்.

பீட்சா மெல்லிய அடி. பச்சைச் சட்னி போட்டது வாங்கினேன். பச்சைச் சட்னியை அடுப்பில் ஏற்றினால் நிறம் பழுப்பாகி, புதினா வாசனை போய், கசப்பு தட்டும் என்பது வீட்டில் முயன்ற எவருக்கும் தெரியும். அங்கே வந்ததில் அந்தக் கசப்பு இல்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்த இடம் பிடித்தது, எனக்கும்தான். ஆனாலும் ஆட்டம் பார்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து சாப்பிடுவது நம் தெருமுனையில்தான் முடியும்.

2024 மார்ச் 11

வீட்டுக்காரர் சைவம். "அவருக்குப் பாரில் எப்படிச் சரிப்படும்" என்று கேட்டவருக்கு: வெட்டும் சக்கரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கேட்டால் கழுவி வெட்டித் தருவார்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். சீஸ் விஷயத்தில், அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளின் மொசரெல்லா பெரும்பாலும் நுண்ணுயிர் வழி எடுத்த நொதியில் உறையவைத்தது. இத்தாலியின் அசல் பார்மிஜானோ சீஸ் மட்டும் கன்றுக்குட்டி இரைப்பை நொதியில்தான் செய்யவேண்டும் என்று விதி. மேலே தூவும் பாலாடைத் தூளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் அப்படித்தான் செய்கிறார். ஆனால் பீர் எதில் வடிகட்டுகிறார்கள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

2024 மார்ச் 17

இன்று செயின்ட் பாட்ரிக் நாள், ஐரிஷ்காரர்கள் பச்சை உடுத்திக் கொண்டாடும் திருநாள். பஞ்சாபி முதலாளி பச்சைத் தலைப்பாகை கட்டியிருந்தார். கீரை பீட்சாவை "ஐரிஷ் ஸ்பெஷல்" என்று கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நன்றாக விற்றது.

2024 ஏப்ரல் 7

பீர் பற்றிக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்தப் பக்கத்துப் பார்களில் குழாயைத் திறந்தால் ஐ.பி.ஏ. என்ற வகை பீர்தான். கசப்பு அதிகம், ஆல்கஹாலும் அதிகம். இரண்டும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும். காரம் ஏற ஏற நாம் இன்னும் குடிப்போம், பாருக்கு லாபம், நமக்கு மறுநாள் வயிறு. லாகர் என்ற லேசான பீரோ கோதுமை பீரோ வாங்குங்கள். குடிக்காதவர்கள் சோடாவில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கேட்டால் தருகிறார்கள், அதுவும் பொருத்தம்தான். காரத்தை உண்மையில் அடக்குவது சீஸ்தான்.

எனக்குப் பிடித்தது ஆங்கர் ஸ்டீம். 1896லிருந்து இந்த ஊரில் காய்ச்சிய பீர், போன வருஷம் ஜூலையில் கம்பெனியை மூடிவிட்டார்கள். எங்கள் பாரில் அந்தக் குழாயின் பிடி மட்டும் இன்னும் நிற்கிறது. அதைத் திறந்தால் இப்போது வேறொரு லாகர் வருகிறது.

2024 ஏப்ரல் 9

குழந்தையைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டவருக்கும், "குடும்பப் பெண் பாருக்குப் போவதா" என்று கேட்டவருக்கும் சேர்த்து ஒரே பதில். கலிஃபோர்னியாவில் மது விற்கும் உரிமம் பல வகை. 48 என்ற எண் இருந்தால் அது வெறும் பார், 21 வயசு ஆகாதவர்கள் உள்ளே வரக்கூடாது. 41, 47 என்றால் உணவகம் என்ற பேரில் நடப்பது, முறையாகச் சமைத்துப் பரிமாறியே ஆகவேண்டும், குழந்தைகள் வரலாம். 41இல் பீரும் வைனும் மட்டும், 47இல் எல்லாம் உண்டு. எங்கள் பார் 47. ஆக இந்த பீட்சா மெனுவில் இருப்பதற்கு ருசி மட்டும் காரணமில்லை, உரிமமும் ஒரு காரணம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தால் ஒரு மேசையில் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்கள், அடுத்த மேசையில் வீட்டுப்பாடம்.

இரண்டாவது ஆளுக்குத் தனிப் பதில் கிடையாது.

2024 ஏப்ரல் 28

பழைய குறிப்பில் வெங்காயத்தாளோடு நிறுத்தியிருந்தேன். முக்கியமான ஒன்று அதற்குப் பிறகு வருகிறது. நம் சமையல்காரர் மேலே ஊறுகாய் வெங்காயம் போடுகிறார். சிவப்பு வெங்காயத்தைப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பது யூகடான் வீடுகளில் தினப்படி வழக்கம். இங்கே அந்த ஆரஞ்சு எப்போதும் கிடைக்காததால் எலுமிச்சையும் ஆரஞ்சும் கலக்கிறார். அது இல்லாத கீரை பீட்சாவை ஸான்டே பாணி நல்ல பீட்சா என்று சொல்லலாம். அது இருந்தால்தான் எங்கள் பார் பீட்சா. கீரையும் சீஸும் சேரும்போது நாக்கில் ஒரு மந்தம் வருமே, அதை வெட்டுவது இந்தப் புளிப்புத்தான்.

தொட்டுக்கொள்ள ஒரு சின்னக் கிண்ணத்தில் புதினாச் சட்னி. பச்சை மிளகாய்க்குப் பதில் சுட்ட ஹபனேரோ, மெக்சிகோக்காரர்களின் கடும் கார மிளகாய். முதலாளி அம்மாவின் பஞ்சாபிச் சட்னி இப்படியிருக்காது என்று அவரே சொல்கிறார். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

கலப்பு உணவு என்றால் நாம் பஞ்சாபும் இத்தாலியும் என்று இரண்டை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். சான்பிரான்சிஸ்கோவில் எந்த நாட்டு உணவகம் என்றாலும் உள்ளே எட்டிப் பார்த்தால் யூகடான்காரர் ஒருவராவது நிற்பார். அவர் கை படாமலா இருக்கும்? ஃபியூஷன் என்று மெனுவில் போட்டிருப்பதைவிட மெனுவில் போடாமல் நடப்பதுதான் எனக்கு ருசிக்கிறது.

2024 மே 5

கறிவேப்பிலை ஏன் இல்லை என்று மதுரைக்காரர் கோபித்திருக்கிறார். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. இங்கே கறிவேப்பிலைக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் குடியிருக்கும். அதனால் செடியையும் இலையையும் இஷ்டத்துக்கு ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடியாது. கடையில் கிடைக்கும் சின்ன பாக்கெட்டும் மலிவு இல்லை. ஒரு பார் முதலாளி பீட்சாவுக்காக அதை வாங்குவார் என்று எதிர்பார்க்கமுடியாது.

ஆனால் ஒரு யோசனை ரொம்ப நாளாக இருக்கிறது. கனெக்டிகட்டில் ஸ்டாம்ஃபோர்ட் என்ற ஊரில் காலனி கிரில் என்று 1935லிருந்து ஒரு பார். மெல்லிய பீட்சா மேல் மிளகாய் ஊறிய சூடான எண்ணெயை ஊற்றிக் கொடுப்பது அவர்கள் அடையாளம், மேலே முழு மிளகாயும் வைப்பார்கள். அதைப் பார்த்து நமக்குத் தோன்றவேண்டியது என்ன? தாளிப்பு! கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை என்று நல்லெண்ணெயில் தாளித்து, அடுப்பிலிருந்து எடுத்த கீரை பீட்சா மேல் கொட்டினால்? இலை கருகாது, வாசனை போகாது. வீட்டில் செய்து பார்த்தேன். கடுகு சதுரத் துண்டிலிருந்து உருண்டு கீழே விழுகிறது, அது ஒன்றுதான் குறை. தரையைக் கூட்டிக்கொள்ளலாம்.

2024 ஜூன் 2

செய்தி பார்த்தீர்களா? ஆங்கர் பீர் கம்பெனியைச் சோபானி யோகர்ட் முதலாளி ஹம்தி உலுகயா வாங்கிவிட்டார். தயிர்க்காரர் கையில் பீர். குழாய் பிடிக்கு நல்லகாலம் வரலாம்.

2024 ஜூன் 7

நேற்று அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வென்றது. டாலஸில் ஆட்டம், எங்களுக்குக் காலை எட்டரைக்கு ஆரம்பம். சூப்பர் ஓவரை வீசிய சௌரப் நேத்ராவல்கர் ஆரக்கிளில் வேலை பார்க்கும் என்ஜினியர். பாரில் கிரிக்கெட் தெரியாத பேஸ்பால் ஆசாமிகளும் சேர்ந்து கத்தினார்கள். காலையில் அடுப்பு பற்றவைக்க முதலாளி ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். காலை பீட்சாவுக்கு முட்டை உடைத்து ஊற்றினார் சமையல்காரர். கீரை, முட்டை, ஊறுகாய் வெங்காயம். சன்னிவேல்காரரே, இதைத் தின்றுவிட்டு வந்து பேசுங்கள்.

2024 ஜூன் 10

நேற்று நியூயார்க்கில் இந்தியா பாகிஸ்தான். மழையால் தாமதம், இந்தியா 119க்கு எல்லாரும் அவுட், முதலாளி முகம் செத்துவிட்டது. பும்ரா மூன்று விக்கெட் எடுத்து, ஆறு ரன்னில் ஜெயித்தோம். ஆட்ட நாளில் போகாதீர்கள் என்று பிப்ரவரியில் எழுதினேனே, அதற்கு ஒரு திருத்தம்: அமெரிக்க ஃபுட்பால் நாளில் போகாதீர்கள். கிரிக்கெட் நாளில் கூட்டம் சாவகாசமாக இருக்கிறது. ஏழெட்டு மணி நேரம் உட்காரவேண்டும் என்ற நினைப்போடு வருகிறவர்கள் பீட்சாவை அவசரப்படுத்துவதில்லை, அதனால் முறுகலாக வருகிறது.

2024 ஜூன் 11

"இருபது ஓவர் ஆட்டத்துக்கு ஏழெட்டு மணி நேரமா?" மழை, அப்புறம் விவாதம்.

2024 ஆகஸ்ட் 18

சன்னிவேல்காரர் போன வாரம் வந்தார். தெரிந்தவர்கள் மூலம் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார், என்னிடம் கேட்கவில்லை. கீரை பீட்சா நன்றாக இருந்தது என்று ஒரு வரி தனியாக அனுப்பியிருக்கிறார். வாயை மூடிக்கொள்கிறேன் என்ற வாக்கைக் காப்பாற்றவில்லை, கூடவே மூன்று குறை சொல்லியிருக்கிறார். உப்பு தூக்கல் என்றார், அது உண்மை. பாரில் உப்பு தூக்கலாகத்தான் இருக்கும், பீர் விற்கவேண்டுமே. சத்தம் அதிகம் என்றார், அதுவும் உண்மை. சிக்கன் பீட்சா சாதாரணம் என்றார். அதை வாங்கச் சொன்னது யார்?

சிக்கன் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தந்தூரி சிக்கன் ஏற்கெனவே வெந்தது. பீட்சா அடுப்பில் இரண்டாவது முறை வேகும்போது நெஞ்சுக்கறி நார் நாராகக் காய்ந்துவிடும். தொடைக்கறியாக இருந்தால் தாங்கும். எங்கள் பாரில் நெஞ்சுக்கறிதான் போடுகிறார்கள், பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆட்டுக்கறிக் கைமா ஞாயிற்றுக்கிழமை மட்டும் உண்டு. அது கிடைத்தால் கீரையைக்கூட விட்டுவிடலாம்.

2024 ஆகஸ்ட் 19

கைமா பீட்சாவுக்கு எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள்! அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

2024 செப்டம்பர் 15

மிச்சக் கேள்விகள். பார்சல் வாங்கலாமா? வேண்டாம். மெல்லிய அடி பெட்டிக்குள் தன் ஆவியிலேயே அவிந்துவிடும். வேறு வழியில்லாவிட்டால் பெட்டி மூடியைத் திறந்தபடி கொண்டுபோய், வீட்டில் எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் சிறு தீயில் வையுங்கள், மைக்ரோவேவ் பக்கமே போகவேண்டாம்.

ரான்ச் என்ற சாஸ் கேட்டால் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். அமெரிக்கர்கள் பீட்சா ஓரத்தை அதில்தான் தோய்க்கிறார்கள். மோர், பூண்டு, மல்லி மாதிரித் தழைகள் போட்டது, நமக்கு அந்நியமும் இல்லை. முயன்று பார்த்தேன், கீரையோடு சேர்ந்தது. இதை யூகடான்காரரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஹபனேரோ சட்னியை எடுத்துவிட்டு இதை வைத்துவிடப் போகிறார்.

டிப்ஸ் எவ்வளவு? குடி ஒன்றுக்கு ஒரு டாலர், சாப்பாட்டுக்கு இருபது சதவீதம். மேசையில் உட்கார்ந்து ஏழெட்டு மணி நேரம் கிரிக்கெட் பார்த்திருந்தால் கூடவே கொடுங்கள்.